மொறுமொறுப்புக்கு ஏற்ற வானிலை

திருவனந்தபுரத்தில் மழை பெய்வதற்குக் கடலும் மேகமும் காரணம் என்று நம்புகிறவர்கள், ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் ஒருநாளும் குடியிருக்காதவர்கள். எங்களுக்கு உண்மை தெரியும். மழை பெய்ததற்கும், பெய்யாததற்கும், காயப்போட்ட வடாம் கூழானதற்கும் ஒரே காரணம் என் பக்கத்து வீட்டில் இருந்தது. அந்தக் காரணத்துக்கு எழுபது வயது. மூக்குக் கண்ணாடி உண்டு. தெருவில் எல்லோரும் அதைக் காலாவஸ்தை மாமா என்று அழைத்தார்கள்.

காலாவஸ்தை என்றால் மலையாளத்தில் வானிலை. தமிழ்க் காதுக்கு அதில் பின்பாதி மட்டும் பலமாகக் கேட்கும். பக்கத்து வீட்டில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அப்படிக் கேட்பதில் பிழை ஒன்றும் இல்லை.

வானிலை அலுவலகத்தில் அப்சர்வராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மழைமானியில் தேங்கிய தண்ணீரை அளப்பது, வெப்பமானியைப் பார்ப்பது, பார்த்ததை எழுதி மேலே அனுப்புவது, இவ்வளவுதான் வேலை. நாளை மழை வருமா என்று சொல்வது மேலே இருப்பவர்கள் பாடு. ஓய்வு பெற்ற மறுநாளே அந்தப் பாட்டையும் தானே எடுத்துக்கொண்டார். முக்கு ஸ்டாண்டில் இருக்கும் ஆட்டோக்காரர்கள், "ஸாரே, இன்னு மழ உண்டோ?" என்று விளையாட்டாகக் கேட்பார்கள். மாமா விளையாட மாட்டார். நின்று, அண்ணாந்து பார்த்து, காற்றை முகர்ந்து, பதில் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். அதற்குள் சவாரிக்கு வந்தவர் வேறு ஆட்டோவில் ஏறிப் போயிருப்பார்.

ஒரு கல்யாண வீட்டில், பந்தலுக்குக் கீழே நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்ற பெண்ணின் அப்பாவிடம் போய், "முகூர்த்தத்துக்கு மழை இருக்கு கேட்டேளா. சாம்பாரைக் கொஞ்சம் கெட்டியா வெக்கச் சொல்லுங்கோ" என்றார். அந்த மனிதர் அதன் பிறகு இவரோடு பேசவில்லை. மழை பெய்தது. சாம்பார் ரசமானது. பேச்சு நின்றது நின்றதுதான்.

தெருவுக்கு அவர் வாரத்தில் ஓரிரு நாள் தொந்தரவு. வீட்டுக்குள் மாமிக்குத் தினம் மூன்று வேளை. மாமி பரிமாறிவிட்டு நிற்பாள். மாமா ஒரு வாய் போட்டுக்கொண்டு கண்ணை மூடி அறிக்கை வாசிப்பார்.

"ரசத்துல பரவலா புளி. ஓரிரு இடங்கள்ல உப்பு."

நடுவில் இருப்பது சுவர் ஒன்றுதான். எல்லாம் எனக்குக் கேட்கும். அப்பளம் பொரித்தால் அதைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒடிப்பார். சத்தம் திருப்தியாக இருந்தால் பேசாமல் சாப்பிடுவார். இல்லாவிட்டால், "நமத்துப் போச்சு" என்பார். மாமி அடுத்த அப்பளத்தை எண்ணெயில் போடுவாள். அவர் சாப்பிட்டு முடித்துக் கையலம்பி, கொல்லைக்கு வந்து வானம் பார்க்கும் நேரத்தில் மாமி உட்காருவாள். அவளுக்கு மிஞ்சிய அப்பளம் நமத்துப் போயிருக்கும். அதைப் பற்றி எந்த அறிக்கையும் வராது.

இது அவர் வீட்டுக் கதை மட்டும் என்று யாரும் நிம்மதியடைய வேண்டாம். எங்கள் தெருவில் கரண்டி பிடித்தவள் கடைசியில் உட்காருவாள். பஜ்ஜியோ வடையோ அடையோ, சூடாக இருக்கும் காலம் முழுவதும் அது பிறருக்குச் சொந்தம். யாரும் சட்டம் போடவில்லை. சட்டம் போட்டிருந்தால் எதிர்த்து ஒரு மனுவாவது கொடுத்திருக்கலாம்.

மருமகளின் பிரசவத்துக்காக மாமி கோயம்புத்தூருக்குப் பிள்ளை வீட்டுக்குப் போனாள். குழந்தை பிறந்தது, குப்புற விழுந்தது, தவழ்ந்தது, நடந்தது. மாமி திரும்பவில்லை. மாமா ஓட்டலிலிருந்து சாப்பாடு வரவழைத்து, கொண்டு வந்தவரிடமே அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு ஓட்டல் மாற்றி இன்னொரு ஓட்டலாக மூன்று இடத்தில் அவருடைய போன் வந்தால் எடுப்பதையே விட்டுவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமியிடமிருந்து வீடியோ கால் வந்தது. மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். போனை முழுச் சத்தத்தில் வைத்துத் தெருவுக்கே ஒலிபரப்புவது அவர் வழக்கம். கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்த நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"என்னடி அது, தட்டுல?"

"சக்கரைவள்ளிக்கிழங்கு. நீளநீளமா நறுக்கி வறுத்திருக்கான். இங்க மால்ல. தொட்டுக்க ஏதோ வெள்ளையா ஒண்ணு. முட்டை கிடையாதுன்னு ரெண்டு தரம் கேட்டுண்டாச்சு."

"கிழங்கைத் தின்ன மாலுக்குப் போகணுமா? நம்ம சந்தையில இல்லாத கிழங்கா? எப்போ வரே நீ?"

கொஞ்ச நேரம் மாமி மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. மொறுக், மொறுக் என்று. முழுச் சத்தத்தில் வைத்த போனில் அது ஓடு உடைவதுபோல இருந்தது.

"முப்பத்தெட்டு வருஷமா நான் வறுத்ததை நான் சூடாத் தின்னதே இல்லை, தெரியுமோ உங்களுக்கு? இங்க ஒருத்தன் வறுத்து, எடுத்துண்டு வந்து, முன்னாடி வெச்சு, இன்னும் வேணுமான்னும் கேக்கறான். நான் எதுக்கு வரணும்? நீங்க ஒரு நாள் இதை வறுத்து, என்னை உக்கார வெச்சு, சூடாக் குடுங்கோ. அப்போ வரேன்."

இணைப்பு அறுந்தது. நான் துணிகளோடு உள்ளே போனேன். அன்று சாயங்காலம் மாமா வானம் பார்க்க வெளியே வரவேயில்லை.

மறுநாள் காலையில் பழவங்காடிப் பக்கம் கிழங்குக்காரி முன்னால் அவரைப் பார்த்தேன். நான் சாலை பஜாரில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்க்கிறவள். போகும் வழி அதுதான். மாமா ஒவ்வொரு கிழங்காக எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். கிழங்குக்காரிக்குத் தென்காசிப் பக்கம்.

"சாமி, வாங்கினா அவிச்சுத் தின்னுங்க. காதுல வச்சு என்ன கேக்கீக? அது என்ன பேசவா போகுது?"

"உள்ளே ஈரம் எவ்வளவுன்னு பாக்கறேன்."

"மண்ணுக்குள்ள கெடந்தது, ஈரமாத்தான் இருக்கும். வேணும்னா எடுங்க, இல்லேன்னா வழிய விடுங்க."

அடுத்த சில வாரங்களை நினைத்தால் எனக்கு இன்னும் எண்ணெய் நாற்றம் அடிக்கிறது. மாமா சமையலறையில் ஓர் ஆணி அடித்து, அதில் ஈரப்பதம் பார்க்கும் கருவியை மாட்டினார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெப்பமானி. ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும், மற்றது சும்மா இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் காற்று உலர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றுதான் கிழங்கு வறுக்கலாம். எங்கள் ஊர் கடலுக்கும் மலைக்கும் நடுவில் வியர்த்துக்கொண்டு கிடக்கும் ஊர். இங்கே உப்பு ஜாடியில் உப்பு நீராகத்தான் இருக்கும். மாமாவின் கருவி அனுமதி கொடுத்த நாட்கள் அபூர்வம்.

அனுமதி கொடுத்த முதல் நாள், கிழங்கை விரல் பருமனுக்கு நறுக்கி அப்படியே புகையும் எண்ணெயில் போட்டார். சர்க்கரை உள்ள கிழங்கு, வெளியே கரியானது. உள்ளே கடித்தால் சோப்பு. இரண்டாம் முறை, சூடு ஆறாமல் இருக்கட்டும் என்று வறுத்ததை மூடி போட்டு வைத்தார். ஆவியில் வெந்து துவண்டு, மழையில் நனைந்த சணல்கயிறு மாதிரி ஆனது. மூன்றாம் முறை, நறுக்கிய துண்டுகளை மின்விசிறிக்குக் கீழே துண்டில் பரப்பிவிட்டுக் கோயிலுக்குப் போனார். திரும்பி வருவதற்குள் தெருவின் மொத்த எறும்பும் வந்து உட்கார்ந்திருந்தது.

பிறகு மதிலுக்கு மேலே தலை தெரிந்தது.

"பத்மா, தலை உலத்தற மெஷின் உன்கிட்ட இருக்கோல்லியோ?"

"இருக்கு மாமா. உங்களுக்கு எதுக்கு?"

அவருக்கு முன்னந்தலையிலும் பின்னந்தலையிலும் முடி கிடையாது.

"எனக்கில்லை. கிழங்குக்கு."

கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் தலைக்குக் குளித்த நாட்களில் கடையில் எல்லோரும் யார் சக்கரைவள்ளிக்கிழங்கு கொண்டு வந்தது என்று கேட்டார்கள்.

தொட்டுக்கொள்வதற்குத் தனி அமளி. மாமி சொன்ன அந்த வெள்ளை எதுவென்று தெரியாமல், கெட்டித் தயிராக இருக்கும் என்று தீர்மானித்தார். பழைய வேட்டியைக் கிழித்து, தயிரைக் கட்டித் துணிக்கொடியில் தொங்கவிட்டார். கீழே என் புடவை காய்ந்துகொண்டிருந்தது. காக்கை வந்து மூட்டையைக் கொத்தியது. மிச்சத்தை நான் எழுத வேண்டியதில்லை.

இத்தனையும் ஒரு பக்கம். எனக்கு உண்மையில் வயிறு எரிந்தது வேறொன்றுக்கு. மாமா அடுப்புக்கு முன்னால் நிற்கிறார் என்ற செய்தி பரவியதும், தெருவில் உள்ள ஆண்கள் முறை வைத்துக்கொண்டு பார்க்க வந்தார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர், மாமா கரண்டியோடு நிற்பதைப் படம் எடுத்து வாட்ஸாப் குழுவில் போட்டார். 'இந்த வயதிலும்!' என்று கீழே எழுதியிருந்தது. கைகூப்பும் படங்கள் குவிந்தன. கிழங்கு துவண்டு கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஓணக் கொண்டாட்டத்தில் மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு பெண் நாற்பது வருஷம் வறுத்தால் அதற்குப் பெயர் சமையல். ஒரு ஆண் நாலு வாரம் கருக்கினால் அதற்குப் பெயர் சாதனை.

மேடையிலிருந்து இறங்கிய செயலாளரிடம் கேட்டேன், "மாமிக்கு என்னிக்குப் போத்தினேள்?"

"மாமி இப்போ ஊர்ல இல்லையே" என்றார், நிஜமாகவே குழம்பிப்போய்.

எல்லோரும் அருமை என்றார்கள், நான் சொல்லவில்லை. கணக்கில் அரைகுறையாகச் சரி என்று ஒன்று கிடையாது. மாமா மதில் மேல் தட்டை வைத்து, "எப்படி?" என்று கேட்கும்போதெல்லாம், "துவண்டிருக்கு" என்றேன். "உள்ளே வேகலை" என்றேன். "ஒருநாள் இதைத் தின்னு எனக்கு வயத்தை வலிச்சது" என்றும் சொன்னேன். விந்தை என்னவென்றால், அவர் பொன்னாடை போர்த்தியவர்களை நம்பவில்லை. என்னை நம்பினார். "நீ சரின்னு சொல்ற அன்னிக்குத்தான் அவளைக் கூப்பிடுவேன்" என்றார்.

ஆனால் நான் சரி சொல்வதற்குள் மாமியே வந்துவிட்டாள். சுவாமி கடலில் நீராடப் போகும் ஐப்பசி ஆறாட்டு பார்க்க வேண்டும் என்று இரண்டு நாள் தங்குகிற மாதிரி பெட்டியோடு வந்தாள். கிழங்கு எப்படி வருகிறது என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். உண்மையைச் சொன்னேன். சிரித்தாள். ஆனாலும் நல்ல புடவை கட்டிக்கொண்டுதான் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அது மாமாவின் நாற்காலி. என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கே வானம் இருட்டி, துலாமாத மழை இடியோடு இறங்கியது. சமையலறைக் கருவியில் இரண்டு வெப்பமானிகளும் ஒரே அளவைக் காட்டின. வறுக்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம். ஆனால் மாமி உட்கார்ந்திருக்கிறாளே! மாமா அடுப்பைப் பற்ற வைத்தார்.

முதல் தடவை போட்டது துவண்டு வந்தது. அதை ஒளித்துவைத்துவிட்டு, பதற்றத்தில் மிச்சம் எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாணலியில் கொட்டினார் என்று சத்தத்திலேயே தெரிந்தது. எண்ணெய் பொங்கியது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏண்டி! ஒரு நிமிஷம் இங்க வந்து தீயைப் பாரேன்!"

மாமியின் உடம்பு எழுந்துவிட்டது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"போகாதேங்கோ மாமி. கருகினா கருகட்டும்."

"எண்ணெய் பொங்கறது பத்மா" என்றாள், ஏதோ குழந்தை அழுகிறது என்பதுபோல. கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியது நடக்கும்போதே நடந்தது.

பிறகு நடந்ததை நான் உட்கார்ந்த இடத்திலிருந்து முழுக்கப் பார்த்தேன். மாமி கரண்டியை வாங்கினாள். தீயைக் குறைத்தாள். பாதியை வெளியே எடுத்தாள். மாமா வியர்வையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். நேரே அந்த நாற்காலிக்கு வந்தார். உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மாமி ஒரு தட்டு கொண்டு வந்து அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே திரும்பினாள். தட்டில் பொன்னிறத்தில் கிழங்கு, ஓரத்தில் தயிர். மாமா ஒன்றை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் ஒடித்தார். வாயில் போட்டார். கண்ணை மூடினார்.

"பரவாயில்லை. ஓரிரு இடங்கள்ல கருகல்."

சமையலறையில் மாமி சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இனியும் கேட்க வேண்டாம். மறுநாள் ஆறாட்டு ஊர்வலம் கிளம்புவதற்கு முன்பே அவள் ரயிலேறிவிட்டாள்.

மாமா மதிலருகே வந்து என்னிடம் குறைப்பட்டார். "ரெண்டு நாள் இருக்கேன்னு வந்தா. கிழங்கும் நன்னாத்தான் வந்தது. பின்னே என்ன கோபம்?"

எனக்குக் கடைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இருந்தாலும் பையைக் கீழே வைத்தேன்.

"மாமா, நேத்து கிழங்கை யார் வறுத்தா?"

"நானாக்கும். கடைசியில கொஞ்சம் அவளும்..."

"சரி. யார் சாப்பிட்டா?"

மாமா வானத்தைப் பார்த்தார். அங்கே உதவி எதுவும் இல்லை.

"நாற்காலியில யார் உக்காந்திருந்தா?" என்றேன். "யாருக்குச் சூடாக் கிடைச்சது? அறிக்கை வாசிச்சது யாரு? அவ வந்த காரியத்தை நீங்க உக்காந்து தின்னுட்டேள். ஒரு ஈரமானியை மாட்டி வெச்சுண்டு காத்து மேல பழி போட்டுண்டிருக்கேள். காத்து என்ன பண்ணித்து உங்களை?"

பெரியவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று இந்தக் கட்டுரையைப் படிக்கும் சிலர் சொல்வார்கள். பேச வேண்டியதில் பாதியைத்தான் பேசினேன். மாமா உள்ளே போய்விட்டார்.

ஒரு வாரம் அந்த வீட்டில் எண்ணெய் காயவில்லை. நானும் நிம்மதியாக இருந்தேன் என்று எழுத ஆசைதான்.

பிறகு மறுபடி ஆரம்பித்தார். ஆனால் முறை மாறிவிட்டது. பார்க்க வந்த ஆண்களை, "இங்க ஒண்ணும் கச்சேரி நடக்கலை" என்று வாசலோடு அனுப்பினார். செயலாளர் படம் எடுக்க வந்தபோது கரண்டியை அவர் கையில் கொடுத்து, "நீர் வறும், நான் படம் எடுக்கறேன்" என்றார். செயலாளர் அதன் பின் வரவில்லை.

நான் கடையிலிருந்து திரும்பும் நேரம் பார்த்துத்தான் அடுப்பைப் பற்ற வைப்பார். முதல் தட்டு மதிலுக்கு மேலே வரும். நான் தின்று முடிக்கும்வரை அந்தப் பக்கம் நிற்பார். தான் ஒன்றுகூட வாயில் போட மாட்டார். முன்பெல்லாம் நான் தின்னும்போதே, "புரியறதோ, இது ஏன் துவண்டதுன்னா..." என்று ஆரம்பிப்பவர், இப்போது வாயைத் திறக்கவில்லை. அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று கழுத்து நரம்பு சொல்லும்.

நான் தனியாக இருப்பவள். காலையில் வைத்ததை ராத்திரியும் சாப்பிடுகிறவள். சூடு பண்ணினால் ஒரு பாத்திரம் கூடுதலாகத் தேய்க்க வேண்டும் என்பதால் சூடு பண்ணுவதில்லை. அப்படிப்பட்டவளுக்கு வேலை முடிந்து வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்குள், ஆவி பறக்க ஒரு தட்டு வருகிறது. அதற்காக நான் ஒரு சலுகையும் காட்டவில்லை. "துவண்டிருக்கு" என்றேன். "மாவு வாசனை அடிக்கறது" என்றேன். "சரி" என்று தலையாட்டிவிட்டுப் போவார்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. ஒரே பருமனில் மெல்லிசாக நறுக்குவது. குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட்டு மாவுத்தண்ணீரைக் கொட்டிவிடுவது. துணியில் ஒற்றி எடுத்து ஈரம் போகவைப்பது. அரிசிமாவைத் தூவி உதறுவது, பூசுவது அல்ல. மிதமான தீயில் ஒருமுறை, வெளியே எடுத்து ஆறவிட்டு, தீயைக் கூட்டி இரண்டாம் முறை. கைப்பிடி கைப்பிடியாக, வாணலியில் நெரிசல் இல்லாமல். உப்பு கடைசியில். எடுத்ததை மூடாமல், குவிக்காமல், கம்பிச் சல்லடையில் பரப்புவது. வெறும் தயிரைத் தொட்டுக்கொண்டால் சப்பென்று இருக்கிறது என்று நான் சொன்னதும், வடிகட்டிய தயிரில் கொஞ்சம் புளியிஞ்சியைக் குழைத்தார். இஞ்சியும் புளியும் வெல்லமும் கலந்த அந்த ஓணத் தொடுகறி தயிரோடு சேர்ந்தால் இப்படி ஆகும் என்று யாருக்குத் தெரியும்? அந்த ஒன்றை மட்டும் முதல் நாளே ஒப்புக்கொண்டேன்.

வைகாசி நடுவில் இடவப்பாதி மழை இறங்கியது. கூரையிலிருந்து தண்ணீர் கயிறாக விழுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், குடையைப் பிடித்துக்கொண்டு மதில் பக்கம் போனேன். மாமாவும் குடையோடு நின்றார். தட்டு அவர் குடைக்குள் இருந்தது, அவர் தோள் மழையில் இருந்தது. கருவி என்ன காட்டுகிறது என்று கேட்டேன்.

"பாக்கலை. அந்த ஈரத்துணியை எடுத்து மேடையைத் தொடச்சுட்டேன்."

ஒன்றை எடுத்துக் கடித்தேன். மழைச் சத்தத்துக்கு மேலே அது எனக்கே கேட்டது.

"எனக்கும் கேட்டது" என்றார் மாமா, அந்த மந்தக் காதோடு. "ஆனா நீ அவசரப்படாதே. இன்னொண்ணு தின்னுட்டுச் சொல்லு."

இன்னொன்று தின்றேன். தட்டு காலியாகும்வரை தின்றேன். கடைசித் துண்டும் முதல் துண்டு மாதிரியே ஒடிந்தது.

"மொறுமொறுன்னு இருக்கு மாமா."

"நெஜமாவா?"

"நான் என்னிக்கு உங்களுக்கு நல்லது சொல்லியிருக்கேன், இன்னிக்குப் பொய்யாச் சொல்ல?"

"அப்போ மதி, போதும்" என்றார். குடையை மடக்கிக்கொண்டு மழையிலேயே உள்ளே போனார்.

போன் முழுச் சத்தத்தில்தான் இருந்தது.

"பத்மா சரின்னுட்டா. வரியா?"

மாமியின் குரலும் தெருவுக்கே கேட்டது. "அங்க வந்தா, நீங்க கூப்பிடாட்டாலும் என் காலு அந்த அடுப்புக்குத் தானாப் போயிடும். போன தடவை பாத்தேளோல்லியோ? இங்க இது மருமக அடுப்பு. எனக்கு இங்க எது எங்க இருக்குன்னே தெரியாது. நீங்க வாங்கோ."

அலுவலக மாற்றலுக்கே அசையாமல், பதவி உயர்வை உதறிவிட்டு இந்த ஊரைப் பிடித்துக்கொண்டு கிடந்த மனிதர் அவர். மறுவாரம் வாணலியையும் கம்பிச் சல்லடையையும் வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு கோயம்புத்தூருக்குக் கிளம்பினார். ஆட்டோவில் ஏறும்போது, "அங்க காத்து உலர்ந்த காத்து. எளுப்பமாக்கும்" என்றார். எனக்கென்று விட்டுப்போனது ஒரு பாட்டில் புளியிஞ்சி. அதில் உப்பு அதிகம்.

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். கணவன், மனைவி, இருவரும் டெக்னோபார்க் வேலை. நல்ல பிள்ளைகள், சத்தமே கிடையாது. என் துணிக்கொடியில் என் துணிகள் மட்டும் காய்கின்றன. மாலையில் வந்து காலையில் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, பாத்திரத்தைக் கவிழ்க்கிறேன்.

போன வாரம் மாமி பேசினாள்.

"வாரத்துல ரெண்டு நாள் வறுக்கறார் பத்மா. என்னை உக்கார வெச்சுட்டுத்தான் அடுப்பு. குழந்தை ஓடி வந்தாக்கூட, 'முதல்ல பாட்டிக்கு'ங்கறார். தட்டை வெச்சுட்டு எதிர்ல நிப்பார். எப்படி இருக்குன்னு கேப்பார். இன்னும் கொஞ்சம் போறாதுன்னு சொல்லுவேன்."

"ஏன் மாமி? அங்க மொறுமொறுன்னு வரலையா?"

"நன்னா வரதே! வந்துடுத்துன்னு சொன்னா நிறுத்திடுவாரேடி."

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் கொல்லையில் நின்றிருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. மாமிக்குத் தோன்றியது எனக்கு அன்று தோன்றவில்லை. அந்தச் சாயங்காலம், தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இன்னும் போறாது மாமா" என்று ஒரு பொய் சொல்லியிருந்தால், இன்னும் ஒரு மழைக்காலமாவது அவர் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்திருப்பார்.